இருமினால் மடங்கும் கை

சின்னம்மா கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். களுவாஞ்சிக்குடியில் அவருடைய வீட்டில் குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவே அரைச் சுவர்தான். நெடி ஏறியதும் விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் இருமல். தம்பியும் இருமினான். அவனுடைய இடது மேல்கையில் ஏதோ துடித்தது. மடியில் கிடந்த முன்கை இரண்டு விரற்கடை எழும்பி விழுந்தது. மறுபடி இருமினான். மறுபடி எழும்பியது. ஒரு வருடமாக நனைந்த துவாய் மாதிரித் தோளில் தொங்கிக்கொண்டிருந்த கை அது.

“இதென்ன மனே புதினம், கை தன்ட பாட்டில ஆடுது?” என்று சின்னம்மா அகப்பையோடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டு மாமி, செய்வினையாக இருக்குமோ என்று மெல்லக் கேட்டதும் என் காதில் விழுந்தது. அடுத்த கிளினிக்கில் விசயத்தைச் சொன்னபோது டொக்டருக்கு வாயெல்லாம் பல். “இதுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தம்” என்றாராம்.

இருமினால் கை ஏன் மடங்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நரம்பு இடமாற்றச் சத்திரசிகிச்சை என்றால் என்ன, அதற்குப் பிறகு மூளை என்ன பாடுபடுகிறது என்பதெல்லாம் விளங்கிவிடும். நான் டொக்டர் இல்லை. தம்பியோடு இரண்டு வருடம் கிளினிக் வாங்கில் குந்தியிருந்து, கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டவன்.

முதலில் நரம்பு. நம் பேச்சில் இந்தச் சொல் படாத பாடு படுகிறது. கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், “நரம்பில ஊசி போட்டது” என்கிறோம். சுளுக்கினால் பிசகுவதும் நமக்கு நரம்புதான். உண்மையான நரம்பு வெள்ளையான ஒரு கயிறு. உள்ளே ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரு நரம்புக் கலத்தின் வால். தசையை அசைக்கும் இழை என்றால் அந்தக் கலத்தின் உடல் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணில் இருக்கும். விரலை அசைக்கும் கலம் கழுத்தடியில் இருந்துகொண்டு, கை நீளம் முழுக்கத் தன் வாலை நீட்டி வைத்திருக்கிறது. ஒரு கலம், கிட்டத்தட்ட முக்கால் மீற்றர் வால்!

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, காறை எலும்புக்குப் பின்னால் பாய் இழைத்த மாதிரிப் பின்னி, பிறகு பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. மோட்டார் சைக்கிளில் இருந்து தூக்கி எறியப்படுகிறவனின் தோள் வீதியில் அடிபட, தலை மற்றப் பக்கம் இழுபடும். தலையை ஹெல்மெட் காப்பாற்றிவிடும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற அந்தப் பின்னல்தான் இழுபட்டுக் கிழியும். தம்பிக்கு அப்படித்தான். கல்முனை வீதியில் இரவில் படுத்திருந்த மாட்டுக்கு விலத்தப் போனவன். அவனுடைய வேர்கள் நடுவில் அறவில்லை, முண்ணாணிலிருந்தே பிடுங்குப்பட்டிருந்தன. நடுவில் அறுந்த கயிற்றை முடிந்துவிடலாம். கட்டையோடு பிடுங்குப்பட்ட கயிற்றை எதில் முடிவது?

இந்த இடத்தில் நம் ஊர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டைக்கு, அதாவது ஒரு வயல் தொகுதிக்கு, தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் வெள்ளத்தில் அடியோடு போய்விட்டது. குளம் இருக்கிறது, வயலும் இருக்கிறது. நடுவில் வழி இல்லை. வேளாண்மை காய்கிறது. அயல் வட்டைக்கு மூன்று நான்கு கிளை வாய்க்கால் ஓடுகிறது என்றால் என்ன செய்வோம்? அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, கரையை வெட்டி, இந்த வயல் பக்கம் திருப்பிவிடுவோம். நரம்பு இடமாற்றம் என்பதும் இதுதான். சிறுநீரக மாற்று மாதிரி இன்னொருவரின் உறுப்பு வருவதில்லை. சொந்த உடம்பிலேயே, இழந்தால் பெரிதாகக் குறை தெரியாத ஒரு நரம்பை எடுத்து, செத்துப்போன நரம்பின் தசைப்பக்க நுனியில் தைத்துவிடுகிறார்கள். தம்பிக்கு எடுத்தது விலா எலும்புகளுக்கு நடுவே ஓடி, மூச்சு விட உதவும் நரம்புகளில் மூன்று. அப்படியானவை ஒவ்வொரு பக்கமும் பதினொன்று இருக்கின்றன. மூச்சின் பெரும் வேலையை உதரவிதானம் பார்த்துக்கொள்கிறது. ஆகவே மூன்று போனால் சமாளிக்கலாம். அந்த மூன்றையும் மார்பிலிருந்து கக்கத்து வழியாகத் திருப்பி, முழங்கையை மடக்கும் இருதலைத் தசைக்குப் போகும் நரம்பில் சேர்த்தார்கள். ஜிம்முக்குப் போகும் பொடியன்கள் பைசெப்ஸ் என்பார்களே, அந்தத் தசை.

தைத்ததும் கரண்ட் வந்த மாதிரிக் கை அசையும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அப்படி வராது. வெட்டிய இடத்துக்குக் கீழே இருக்கும் பழைய இழைகள் செத்து, வெறும் உறைதான் மிஞ்சும். அந்த உறைக்குள்ளே புது இழை முளைத்து ஊர்ந்து போக வேண்டும். வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர், மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் முதல் துடிப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தசையோ அவ்வளவு பொறுமைசாலி இல்லை. நரம்பு வராத தசை நாளுக்கு நாள் மெலிந்து, 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பை ஏற்கும் தன்மையையே இழந்து, நாரும் கொழுப்புமாகிவிடும். இழை ஊர்ந்து வரும் காலத்தையும் இதில் கழித்துப் பாருங்கள்: ஒப்பரேஷன் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்லது என்று டொக்டர்மார் ஏன் அவசரப்படுகிறார்கள் என்பது விளங்கும். நம் பக்கத்தில் நடப்பது வேறு. கை தொங்கினால் முதலில் எண்ணெய் போட்டு உருவுவோம், பத்தியம் இருப்போம், கோயிலுக்கு நேர்த்தி வைப்போம். முறிவு நெரிவு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. எலும்பு முறிவுக்கு அதை நம்பிப் போய் நல்ல சுகம் கண்டவர்கள் என் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் வேரோடு கழன்ற நரம்பு எண்ணெயில் ஒட்டாது. தம்பிக்கும் இரண்டரை மாதம் அப்படிப் போனது. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

சரி, இப்போது மூளைக்கு வருவோம்.

வாய்க்காலைத் திருப்பியாயிற்று. ஆனால் மேலே துருசில், அதாவது குளத்து மதகில், நின்று தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானைக்கு யாரும் சொல்லவில்லை! அவர் வழமை போல அயல் வட்டைக்குத் தண்ணீர் முறை வரும்போது அந்தக் கதவைத் திறக்கிறார். தண்ணீர் இந்த வயலுக்கு வந்து கொட்டுகிறது. இந்த வயலுக்கு முறை வரும்போது பழைய கதவைத் திறக்கிறார்; தண்ணீர் உடைந்த வாய்க்காலில் போய் வீணாகிறது. தம்பியின் மூளையில் நடந்தது இதுதான். மூச்சிழுக்கவும் இருமவும் என்று இருந்த நரம்புகள் இப்போது கைத்தசையில் முடிகின்றன. மூளை “இருமு” என்று கட்டளையிட்டால் அதில் ஒரு பங்கு கைக்குப் போய்விடுகிறது. “கையை மடக்கு” என்று கட்டளையிட்டால் அது பிடுங்குப்பட்ட வேரடியில் போய் நின்றுவிடுகிறது. மிளகாய் நெடியில் நாங்கள் கண்டது, இழை தசையைப் போய்ச் சேர்ந்துவிட்டது, மூளைக்கு இன்னும் செய்தி எட்டவில்லை என்ற அந்த இடைக்கட்டத்தை.

மூளையின் மேற்பரப்பில், ஒரு காதுக்கு மேலிருந்து உச்சி வரை ஓடும் ஒரு பட்டை உடம்பின் அசைவுகளை ஆள்கிறது. இடப்பக்கப் பட்டை வலது உடம்பை, வலப்பக்கம் இடது உடம்பை. கனடாவில் மொன்றியல் நகரில் வேலை செய்த வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வலிப்பு நோயாளிகளின் மூளையைத் திறந்து வைத்து, அவர்கள் விழித்திருக்கும்போதே மெல்லிய மின்சாரத்தால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். மூளைக்குத் தன்னளவில் நோவு தெரியாது என்பதால் இது முடியும். ஓர் இடத்தைத் தொட்டால் கட்டைவிரல் ஆடும், கொஞ்சம் தள்ளித் தொட்டால் உதடு. இப்படி 1937இல் அவரும் கூட்டாளியும் வெளியிட்ட வரைபடத்தில், உச்சிப் பக்கம் கால், அதற்கடுத்து உடற்பகுதி, பிறகு தோள், கை, விரல்கள், கீழே முகம் என்று வரிசை வரும். விரல்களுக்கும் வாய்க்கும் பெரிய காணி. முதுகுக்கும் மார்புக்கும் சின்னத் துண்டு. நம் வேலையெல்லாம் விரலாலும் வாயாலும்தானே நடக்கிறது.

இந்த வரைபடம் கல்லில் வெட்டியது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கையில் ஒரு நரம்பை வெட்டினால் அதற்குரிய மூளைப் பகுதி சும்மா கிடக்காது, பக்கத்துப் பகுதிகள் வந்து பிடித்துக்கொள்ளும் என்பதை அமெரிக்காவில் மைக்கேல் மெர்செனிச்சும் அவரோடு இருந்தவர்களும் 1980களில் குரங்குகளில் காட்டினார்கள். ஆளில்லாத காணியை அயலவன் வேலி தள்ளிப் பிடிப்பது நமக்கொன்றும் புதினமில்லை.

தம்பியின் கதைக்கு நேரே பொருந்தும் ஆய்வு ஜப்பானில் இருந்து 1995இல் வந்தது. இதே விலா நரம்பு ஒப்பரேஷன் செய்தவர்களின் தலைக்கு வெளியே காந்தத் துடிப்புக் கொடுத்து, மூளையின் எந்த இடம் தூண்டப்படும்போது கைத்தசை துடிக்கிறது என்று மாதக்கணக்கில் பார்த்து வந்தார்கள். தொடக்கத்தில் அது மார்புக்குரிய சின்னத் துண்டில் இருந்தது. காலம் போகப் போக மெல்ல நகர்ந்து கைக்குரிய பழைய காணிக்கே வந்து சேர்ந்தது. அதாவது நரம்பு இன்னும் விலா நரம்புதான், அதன் கலங்கள் இன்னும் மார்பு முண்ணாணில்தான். கட்டளை இடுகிற இடம் மட்டும் மாறிவிட்டது. வட்டவிதானை கதவுகளின் பெயர்ப்பலகையை மாற்றி எழுதிவிட்டார்.

இது எப்படி முடிகிறது? மூளைக்குள் புதிதாக நெடும்பாதை வெட்டப்படுவதாக நினைக்க வேண்டாம். மார்புப் பகுதிக்கும் கைப் பகுதிக்கும் நடுவே முன்பே ஒற்றையடிப் பாதைகள் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு சாமானை எட்டி எடுக்கக்கூட உடலும் கையும் ஒத்துழைக்க வேண்டுமே. வேலை இல்லாததால் அவை அடங்கிக் கிடந்தவை. “மடக்கு” என்று நினைப்பதும் மூச்சை இழுப்பதும் ஒரே கணத்தில் திரும்பத் திரும்ப நடந்தால், இரண்டு பகுதிகளிலும் உள்ள கலங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அப்படிச் சேர்ந்து வேலை செய்யும் கலங்களின் இணைப்புப் பலப்படும் என்பது கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் முன்வைத்த கருத்து; பிறகு வந்த ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்திருக்கின்றன. ஆட்கள் நடக்க நடக்கப் பற்றை விலகி ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதையாவதைப் போல.

ஆனால் நடக்க வேண்டும். அங்கேதான் பிசியோ மிஸ் வருகிறார்.

தம்பிக்கு அவர் பழக்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வழுவழுப்பான மேசையில் முகப் பவுடரைத் தூவுவார். தம்பி கதிரையில் இருந்து, இடது கையைத் தோள் உயரத்துக்கு மேசையில் பக்கவாட்டாகக் கிடத்த வேண்டும். அப்படிக் கிடத்தினால் கையின் பாரத்தைத் தூக்கும் வேலை தசைக்கு இல்லை, சறுக்கினால் போதும். “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. பிடிச்சபடி மடக்கப் பாருங்க. மற்றக் கையையும் சேர்த்து மடக்குங்க, அந்தக் கை எப்படிச் செய்யுதெண்டு பாருங்க.” பவுடரில் முன்கை ஒரு சின்னக் கோடு போடும். முதல் நாள் அந்தக் கோடு தீக்குச்சி நீளம். பத்துத் தடவைக்குள் தம்பியின் நெற்றி வியர்த்துவிடும். கை களைத்ததை விட மூளை களைத்தது என்றுதான் நினைக்கிறேன், வீட்டுக்கு வந்ததும் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவான். பழகிய அசைவுகளைத் தூக்கத்திலும் மூளை பதிய வைக்கிறது என்பதால் மிஸ்ஸும் அதைத் தடுக்கவில்லை.

தசையின் பலத்துக்கு ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால் 0, துடிப்பு மட்டும் என்றால் 1, மேசையில் சறுக்கினால் 2, பாரத்துக்கு எதிராகத் தூக்கினால் 3, எதிர்த்துத் தள்ளினாலும் நின்றால் 4, பழையபடி என்றால் 5. பரீட்சை முடிவு மாதிரி வீட்டில் எல்லாரும் அந்த எண்ணைக் கேட்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, புள்ளியில் வராத வேறொன்று. 3 வந்த பிறகு ஒரு நாள் மிஸ், “இனி மூச்சைப் பிடிக்காமல் மடக்குங்க” என்றார். மடங்கவே இல்லை. மூச்சை விட்டால் கை விழுந்துவிடும். பல கிழமை அப்படியே போனது. அப்புறம், ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே மடக்கச் சொன்னார். பேசினால் மூச்சு வெளியே போயே ஆக வேண்டும், அதுதான் உபாயம். எண்ணி எண்ணி அலுத்துப்போனவன், முன்பு வடமோடிக் கூத்தில் ஆடிய ஆள், வரவுப் பாட்டை எடுத்துவிட்டான். பாட்டு இழுபட இழுபட, கை இறங்காமல் நின்றது. அன்றைக்குப் பிசியோ அறையில் இருந்த மற்ற நோயாளிகளுக்கும் நல்ல பொழுது.

மூளையின் வேலை எல்லா இடமாற்றத்திலும் இவ்வளவு கடினமாக இருப்பதில்லை. 1994இல் பிரான்ஸில் கிறிஸ்டோஃப் ஒபெர்லின் அறிமுகப்படுத்திய முறையில், சுண்டுவிரல் பக்கத்து நரம்பின் ஒரு சின்னப் புரியை மட்டும் பிரித்து இருதலைத் தசையில் சேர்ப்பார்கள். கழுத்தின் மேல்வேர்கள் மட்டும் போய், விரல்கள் வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது முடியும். தூரம் சில சென்ரிமீற்றர் என்பதால் மூன்று நான்கு மாதத்திலேயே துடிப்புத் தெரியலாம். இவர்கள் முதலில் முஷ்டியைப் பொத்தினால்தான் முழங்கை மடங்கும். விரலும் முழங்கையும் மூளையில் பக்கத்துப் பக்கத்துக் காணி, எப்போதும் சேர்ந்தே வேலை செய்கிறவை. ஆகவே பொத்தாமலே மடக்கச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். அயல் எவ்வளவு கிட்டவோ அவ்வளவு சுகம்.

தூரமான அயலும் உண்டு. சீனாவின் ஷங்காய் நகரில் கு யூடொங் 1986இல் செய்த ஒப்பரேஷனில், நல்ல கைக்குப் போகும் ஐந்து வேர்களில் நடுவிலுள்ள ஒன்றையே எடுத்து மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கையை அசைக்க, முதலில் நல்ல கையை அசைக்க வேண்டும். செயலற்ற கையைத் தொட்டால் நல்ல கையைத் தொட்ட மாதிரித் தெரியும். சிலருக்கு இது காலப்போக்கில் பிரிந்துவிடும், பல பெரியவர்களுக்குக் கடைசி வரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். சிறுபிள்ளைகளின் மூளை இதில் கெட்டிக்காரத்தனம் கூடியது. இதே வழியை, பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்பால் ஒரு கை இறுகி ஐந்து வருடத்துக்கு மேலானவர்களுக்கும் அதே நகரத்து மருத்துவர்கள் பின்னர் பயன்படுத்தினார்கள். 36 பேரில் பாதிப் பேருக்கு ஒப்பரேஷனும் பயிற்சியும், மீதிப் பேருக்குப் பயிற்சி மட்டும். 2018இல் வெளியான முடிவின்படி, 66 புள்ளி கொண்ட கைச்செயற்பாட்டு அளவில் முதல் குழுவினர் ஒரு வருடத்தில் சராசரியாக 17.7 புள்ளி முன்னேறினார்கள், மற்றவர்கள் 2.6. அவர்களுக்குக் கெட்டது கையின் நரம்பே இல்லை, மூளையின் ஒரு பாதி. நல்ல பாதி இரண்டு கைகளையும் ஆளப் பழகிக்கொண்டது. இதை முதன்முதல் வாசித்தபோது நான் இரண்டு தரம் திருப்பி வாசித்தேன்.

மூளை பழகிக்கொள்ளும் என்பதில் கெட்ட பக்கமும் இருக்கிறது. வேர் பிடுங்குப்பட்ட கையில் தீப்பட்ட மாதிரி எரிவு இருக்கும். உணர்வே இல்லாத கையில்! செய்தி வராமல் போன பகுதி தானாகக் கத்துகிறது என்று சொல்லலாம். தம்பிக்கு இரவில்தான் கூட. கை இல்லாதவர்களுக்கும் கை நோகும் இந்தப் புதிரில் பெயர் எடுத்தவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். “அசை” என்ற கட்டளைக்கு ஒவ்வொரு தடவையும் “அசையவில்லை” என்றே பதில் வந்தால், மூளை முடக்கத்தையே பாடமாக்கிக்கொள்கிறது என்பது 1990களில் அவர் சொன்ன விளக்கம். அதற்கு அவர் கண்ட கைமருந்து ஒரு கண்ணாடி. நல்ல கையின் பிம்பம் கெட்ட கையின் இடத்தில் தெரியும்படி வைத்து, இரண்டையும் அசைக்கச் சொல்வது. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. ஆனால் ஒப்பரேஷனுக்குப் பிறகு இழை ஊர்ந்து வரும் அந்த வெறும் மாதங்களில் கண்ணாடியும், அசைவதாக மனத்துக்குள் நினைத்துப் பார்ப்பதும் கைக்குரிய காணி பறிபோகாமல் பிடித்துவைக்க உதவும் என்று மிஸ் சொல்லித் தந்தார். சின்னம்மாவின் அலுமாரிக் கண்ணாடி கழன்றது இந்தக் காரணத்தால்தான்.

இப்போது மூன்றாவது வருடம். தம்பியின் விரல்கள் திரும்பவில்லை. திரும்பாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். முழங்கை மடங்கும், தோள் கொஞ்சம் எழும்பும். மடித்த முழங்கையில் சந்தைப் பையைக் கொழுவிக்கொண்டு, வலது கையால் மரக்கறி பொறுக்கி, கடைக்காரனோடு விலையும் பேசுவான். மூச்சைப் பற்றிய நினைப்பே அவனுக்கு இல்லை. பழைய வழி மட்டும் முழுதாக மூடவில்லை: பலமாகத் தும்மினால் கை இன்னும் ஒரு தரம் மேலே துள்ளும். அதனால் தடிமன் பிடித்திருக்கிற நாட்களில் முட்டை வாங்கினால், அந்தப் பையை மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொள்வான்.